தொட்டாற்சிணுங்கிச் சில்லு

மும்பை மாநகரின் தென்கோடி. கொலாபா கடைத்தெருவின் சந்தடியைத் தாண்டி, ராணுவக் குடியிருப்புகளையும் நேவி நகரையும் கடந்து போனால், இனிமேல் கடல்தான் என்கிற இடத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. டாக்டர் ஹோமி பாபா உருவாக்கிய ஸ்தாபனம். இப்போதுள்ள கட்டடத்தை 1962-ல் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

இந்த நிலையத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பெயரே 'குவாண்டம் அளவை மற்றும் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடம்'. அளப்பதற்கென்று தனியாக ஓர் ஆய்வுக்கூடமா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜவுளிக் கடையில் துணியை மீட்டரால் அளக்கிறார்கள். பார்சல் ஆபீசில் மூட்டையைத் தராசில் ஏற்றுகிறார்கள். அளந்ததால் துணி குறைவதில்லை. (குறைந்தால் அது கடைக்காரரின் கைவண்ணம்.) நிறுத்ததால் மூட்டையின் எடை மாறுவதில்லை. அளப்பது வேறு, அளக்கப்படும் பண்டம் வேறு. இதுதான் நம் அனுபவம்.

கொஞ்சம் யோசித்தால் இதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் நம் உடம்பிலிருந்து கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டுதான் டிகிரி காட்டுகிறது. உடம்பு பெரிது; அதனால் பாதகமில்லை. அதே தெர்மாமீட்டரை ஒரு ஸ்பூன் டீயில் வைத்தால் டீ ஆறிவிடும். அது காட்டுவது, தான் ஆற வைத்த பிறகு இருக்கிற சூட்டை. இதற்குப் பரிகாரம் தெர்மாமீட்டரைச் சிறிதாக்குவது. இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று போய்க்கொண்டே இருந்தால் தொந்தரவே இல்லாமல் அளந்துவிடலாம் என்று தோன்றும். அப்படிப் போக முடியாது, அதற்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதுதான் குவாண்டம் விஞ்ஞானத்தின் தீர்ப்பு. எவ்வளவு தெரிந்துகொள்கிறோமோ அவ்வளவுக்குப் பண்டம் மாறித்தான் தீரும். கொலாபாவிலும், உலகத்தில் இன்னும் பல இடங்களிலும், இந்த எல்லையின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் விஞ்ஞானிகள் வேலை செய்கிறார்கள்.

விரல் நகமளவு

அவர்கள் அளக்கும் பண்டத்தின் பெயர் 'கியூபிட்'. சாதாரணக் கம்ப்யூட்டர் எல்லாக் கணக்கையும் 0, 1 என்ற இரண்டு எண்களில் போடுகிறது. ஸ்விட்சைப் போட்டால் 1, அணைத்தால் 0. இடைப்பட்ட நிலை கிடையாது. கியூபிட் என்பது 0-வும் 1-ம் கலந்த நிலையிலும் இருக்கக்கூடியது. கலந்த நிலை என்றவுடன் டிக்காஷனும் பாலும் கலந்த காபி என்று எண்ணிவிடக்கூடாது. காபியை ருசி பார்த்தால் இரண்டும் சேர்ந்த ருசி வரும். கியூபிட்டைக் கேட்டால் 0 என்றோ 1 என்றோ முழு விடைதான் வரும். எந்த விடை எத்தனை தடவைக்கு ஒரு தடவை வரும் என்பதைத்தான் கலவையின் விகிதம் நிர்ணயிக்கிறது. விடை வந்த மறுகணம் கலவை போய்விட்டது. 0 என்று விடை வந்தால் அது இப்போது வெறும் 0. உடனே மறுபடி கேட்டாலும் 0 என்றே சொல்லும்.

இந்தக் கலவையைக் குலைய விடாமல் காப்பாற்றிக் கணக்குப் போட்டால், சில வகைக் கணக்குகளை இன்றைய கம்ப்யூட்டர்களால் எட்ட முடியாத வேகத்தில் முடிக்கலாம். மருந்துகளின் மூலக்கூறுகளை ஆராய்வது, ரகசியச் சங்கேதங்களை உடைப்பது போன்றவை அந்த வகை. சம்பளப் பட்டியல் போடவோ ரயில் ரிசர்வேஷன் செய்யவோ இது தேவையில்லை.

கியூபிட்டைப் பல விதமாகச் செய்கிறார்கள். திடப்பொருளில் செய்யும் முறை, 'சிப்' என்று சொல்லும் சில்லின் மேல் அலுமினியம் போன்ற உலோகத்தைப் படலமாகப் படிய வைத்து ஒரு மின்சுற்று அமைப்பது. சில்லு விரல் நகமளவு. அதில் ஓரிடத்தில் இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும் சுவர்தான். ஆனால் கடுங்குளிரில், அலுமினியம் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் நிலைக்கு வந்த பின், மின்சாரம் அந்தச் சுவரையும் ஊடுருவிக்கொண்டு போகும். இப்படி நடக்கும் என்று 1962-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது வாலிபர். 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அணுவுக்குள் எலக்ட்ரான் படிப்படியான சக்தி நிலைகளில் இருப்பதைப் போல, கையால் தொட்டு எடுக்கக்கூடிய இந்த மின்சுற்றும் படிப்படியான நிலைகளில் இருக்கிறது என்பதை 1984, 85-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் ஜான் கிளார்க், மிஷல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவரும் நிரூபித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2025-ம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அதற்காக அவர்களுக்கு வழங்கப்பட்டது. அடிப்படியை 0 என்றும் அடுத்த படியை 1 என்றும் வைத்துக்கொண்டால் கியூபிட் தயார். 1999-ல் ஜப்பானில் என்.இ.சி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நாகமுராவும் அவருடைய சகாக்களும் முதன்முதலில் இப்படிப்பட்ட சுற்றில் 0, 1 கலவையை வேண்டியபடி ஆட்டிக் காட்டினார்கள். அப்போது கலவை நிலைத்தது சில நானோ செகண்டுகள்தான். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு நானோ செகண்ட். இன்று நல்ல சில்லுகளில் அது லட்சம் மடங்குக்கு மேல் நீண்டிருக்கிறது. அப்படியும் கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மைனஸ் 273.15 டிகிரி சென்டிகிரேட் என்பதுதான் எந்தப் பொருளும் எட்டக்கூடிய குளிரின் எல்லை. அந்த எல்லைக்கு மேல் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் சில்லை வைத்திருக்கிறார்கள். நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள வெட்டவெளிகூட 2.7 டிகிரி. கடற்கரை வெயிலில் வேர்த்துக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்கு முன்னால், வெட்டவெளியைவிடக் குளிர்ந்த ஒரு பாத்திரம் தொங்குகிறது!

பானையைச் சுண்டிப் பார்ப்பது

இவ்வளவு பத்திரமாக மூடி வைத்த சில்லிடம், நீ 0-வா 1-ஆ என்று எப்படிக் கேட்பது?

சந்தையில் மண்பானை வாங்குகிற பெண்கள் செய்கிற காரியத்தைத்தான் விஞ்ஞானிகளும் செய்கிறார்கள். பானையை விரலால் சுண்டுவார்கள். 'டங்' என்ற ஓசையிலிருந்தே பானை நல்லதா, விரிசல் விட்டதா என்று தெரிந்துவிடும். பானையை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கியூபிட்டுக்குப் பக்கத்தில், சில்லின் மேலேயே, 'ரெஸொனேட்டர்' என்ற இன்னொரு சின்ன மின்சுற்று இருக்கிறது. அதுதான் பானை. அதற்கென்று ஒரு சுருதி உண்டு. வினாடிக்குச் சில நூறு கோடி அதிர்வுகள். பக்கத்திலுள்ள கியூபிட் 0 என்றால் சுருதி ஒரு விதம். 1 என்றால் இம்மி விலகும். மைக்ரோவேவ் அலையைத் துளி அனுப்பிச் சுண்டினால், திரும்பி வரும் அலையிலிருந்து கியூபிட்டின் நிலையைக் கண்டுகொள்ளலாம். 2004-ல் யேல் பல்கலைக் கழகத்தில் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். இன்று இத்தகைய சில்லுகளைப் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

சுண்டினால் பானைக்குக் கெடுதல் இல்லை. கியூபிட்டுக்கு உண்டு. மைக்ரோவேவ் அலை 'போட்டான்' என்ற பொட்டலங்களாக வருகிறது. ரெஸொனேட்டரைத் தொட்டுவிட்டு வெளியேறும் ஒவ்வொரு போட்டானும் கியூபிட் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு போகிறது. செய்தி வெளியே போகப் போக உள்ளே கலவை குலைகிறது. போதுமான போட்டான்கள் போய்விட்டால் கலவை முற்றிலும் போய், 0 அல்லது 1 என்று ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். மனிதன் பார்ப்பதால்தான் அணு மாறுகிறது, ஆகவே மனமே உலகத்தைப் படைக்கிறது, இதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று சில மேடைகளில் முழங்குகிறார்கள். வேதாந்தம் வேதாந்தமாக இருக்கட்டும்; கியூபிட்டைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வெளியே போன அலையை ஒருவரும் பார்க்காவிட்டாலும், கருவியையே கழற்றி வைத்துவிட்டாலும், கலவை அதே அளவு குலைகிறது. மேலேயுள்ள சூடான கம்பிகளிலிருந்து ஒன்றிரண்டு போட்டான்கள் தவறிக் கீழே இறங்கி ரெஸொனேட்டரில் நுழைந்தாலே போதும். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் போய்விட்டது என்று அர்த்தம், கலவை பாழ். கண்ணும் மனமும் இதில் இல்லை. செய்தி வெளியேறியதா இல்லையா என்பதுதான் கணக்கு. கம்பிகளில் கட்டத்துக்குக் கட்டம் வடிகட்டிகளை மாட்டி வைத்திருப்பது இதனால்தான்.

குதிப்பது தெரிந்தது

திரும்பி வரும் அலை மிக மெல்லியது, சில போட்டான்கள்தான். சாதாரண ஆம்ப்ளிபயரில் போட்டுப் பெருக்கினால் அந்தக் கருவியின் சொந்த இரைச்சலே பத்து, இருபது போட்டான்களுக்குச் சமமாக இருக்கும். தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் போகும்போது பிளாட்பாரத்தில் ஒருவர் காதோடு பேசுவதைக் கேட்பது போல. அதே ஜோசப்சன் சந்தியை வைத்தே இரைச்சல் மிகக் குறைந்த ஆம்ப்ளிபயர் செய்யும் வேலையில் யேலில் டெவோரேயின் கீழ் ஈடுபட்டவர்களில் ஒருவர் ராஜாமணி விஜயராகவன். அதில்தான் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பெர்க்லியில் இர்பான் சித்திகியின் குழுவில் வேலை செய்தார். கொலாபாவில் மேலே சொன்ன ஆய்வுக்கூடம் அவருடையது.

2011-ல் பெர்க்லியில் அவர்கள் கியூபிட்டை விடாமல் சுண்டிக்கொண்டே இருந்தார்கள். மேல் நிலையிலுள்ள கியூபிட் எந்தக் கணத்தில் கீழே விழுகிறது என்பதைக் கருவியின் கோடு அப்படியே காட்டியது. கொஞ்ச நேரம் மேலேயே போன கோடு திடீரென்று, பழைய காலத்துக் கை சிக்னல் விழுவதைப் போல, கீழே விழுந்தது.

இது சாமானிய விஷயம் அல்ல. எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குக் குதிக்கிறது என்று 1913-ல் சொன்னவர் நீல்ஸ் போர். குதிப்பு என்பதையே ஏற்காதவர் எர்வின் ஷ்ரோடிங்கர். 1952-ல்கூட, குவாண்டம் குதிப்புகள் உண்டா என்று கேள்வி எழுப்பிக் கட்டுரை எழுதினார். 1986-ல் தனி அயனிகளில் குதிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அது இயற்கை செய்த அணு. மனிதன் அலுமினியத்தில் செய்த 'அணு' குதிப்பதை விடாத அளவையில் பார்த்தது 2011-ல்தான்.

இட்லிக் கொப்பரையைத் திறந்தால்

இட்லி வெந்ததா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கொப்பரையைத் திறந்து பார்த்தால் இட்லி வேகாது. குவாண்டம் உலகத்திலும் இது உண்டு என்று 1977-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் பைத்யநாத் மிஸ்ரா, இ.சி.ஜி. சுதர்சன் என்ற இரு இந்தியர்கள். அப்போது அவர்கள் இருந்தது அமெரிக்காவில், டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில். சுதர்சனைப் பற்றித் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. பிறந்தது கேரளத்தில் கோட்டயம் பக்கம். படித்தது தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். 1950-களின் முற்பகுதியில் சில வருஷங்கள் இதே டாடா நிலையத்தில், பாபாவின் காலத்தில், வேலை பார்த்தார். நிலையம் அப்போது கேட்வே பக்கத்தில் பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. 1980-களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். 2018-ல் காலமானார். அவருக்கு நோபல் கிடைக்காமல் போனதைப் பற்றி இன்றும் பேச்சு உண்டு.

கணக்கு இதுதான். 0-வில் இருக்கும் ஒன்றை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முழுதாக 1-க்குக் கொண்டு போகும்படி அலையால் தள்ளுகிறோம். இடையில் கேட்காவிட்டால் கடைசியில் நிச்சயமாக 1. பாதி வழியில் ஒரு தடவையும் முடிவில் ஒரு தடவையும் கேட்டால் 1 வருவதற்கு நூற்றுக்கு 50 தான் வாய்ப்பு. அதே நேரத்துக்குள் 16 தடவை கேட்டால் சுமார் 13. 64 தடவை கேட்டால் 4-க்கும் குறைவு. கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் நகர்ந்திருந்த நிலை மறுபடி 0-வுக்கே பிடித்து வைக்கப்படுகிறது. 1990-ல் அமெரிக்காவில் போல்டர் நகரத்தில் ஆயிரக்கணக்கான பெரிலியம் அயனிகளை வைத்து இதைச் சோதித்தார்கள், கணக்குப்படியே நடந்தது. திடப்பொருள் சில்லிலும், அலையால் தள்ளிக்கொண்டே பலமாகச் சுண்டும்போது கியூபிட் நிலை மாறும் வேகம் குறைவதைப் பெர்க்லி குழுவினர் 2016-ல் வெளியிட்டார்கள்.

இட்லி உவமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. கொப்பரையில் நீராவி வெளியேறுகிறது; சில்லில் வெளியேறுவது செய்தி. இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் தள்ளுவதைத்தான் இப்படி நிறுத்த முடிகிறது. கியூபிட் தானாகச் சக்தியை இழந்து விழுவதை இன்றைய கருவிகளின் வேகத்தில் கேட்டுக் கேட்டு நிறுத்திவிட முடியாது. அப்படி முடிந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்திருக்கும்.

அரைகுறையாகக் கேட்டால்?

பலமாகக் கேட்டால் கலவை ஒரேயடியாகப் போகிறது. மெதுவாக, அரைகுறையாகக் கேட்டால்? இதுதான் விஷயத்தின் ருசியான பகுதி.

2008-ல் சான்டா பார்பராவில் மார்ட்டினிஸின் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே கேட்கும் முறை வேறு. கியூபிட் 1-ல் இருந்தால் மட்டும் சுவரைத் துளைத்து வெளியே தப்பி ஓடுவதற்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும்படி சுவரைக் கொஞ்ச நேரம் தாழ்த்துவார்கள். தப்பினால் அது 1 என்று தெரிந்துவிடும். தப்பவில்லை என்றால்? ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் ஒன்றும் நடக்காததே ஒரு செய்தி. ஒரு வீட்டின் வாசலைத் திறந்து வைத்தும் திருடன் ஓடிவரவில்லை என்றால், உள்ளே திருடன் இல்லை என்ற சந்தேகம் கொஞ்சம் வலுக்கிறதல்லவா? அப்படியே கலவையும் 0-வின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. முழுதாக அல்ல, தெரிந்துகொண்ட அளவுக்கு.

இப்போது கியூபிட்டைத் தலைகீழாகப் புரட்டி, 0 இருந்த இடத்தில் 1 வரச் செய்து, அதே அளவு அரைகுறைக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்கள். இந்தத் தடவையும் தப்பவில்லை என்றால் சாய்வு எதிர்ப் பக்கம் விழுந்து சமனாகிவிடுகிறது. பழைய கலவை திரும்பக் கிடைத்தது! அளந்ததை அளக்காததாக ஆக்கிவிட்டார்கள். இதற்கு இரண்டு விலை. சில முயற்சிகளில் கியூபிட் தப்பி ஓடியே போய்விடும். தப்பாத முயற்சிகளிலோ, இரண்டு கேள்விகளின் பதில்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் கையில் தெரிந்தது ஒன்றும் இருக்காது.

2012-ல் பெர்க்லியில் விஜயராகவனும் மற்றவர்களும் இன்னொரு படி மேலே போனார்கள். அலையால் தள்ளும்போது கியூபிட் ஊஞ்சல் போல 0-விலிருந்து 1-க்கும் 1-லிருந்து 0-வுக்கும் ஆடும். மெல்லச் சுண்டிக்கொண்டே இருந்தால், சுண்டுவதாலேயே ஊஞ்சலின் தாளம் தப்பும். ஆனால் தாளம் எந்தப் பக்கம் தப்பியது என்பதும் அதே சுண்டலில் தெரிகிறது. தெரிந்த மாத்திரத்தில், தள்ளும் கையைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ தாளத்தைச் சரி செய்தார்கள். அடங்கிப் போக வேண்டிய ஆட்டம் நிற்காமல் நடந்தது. கெடுத்ததும் அளவை, சரி செய்ய வழி காட்டியதும் அதே அளவை. மறு வருஷம் ஒரே ஒரு கியூபிட் இப்படி அரைகுறைக் கேள்விகளால் அங்கும் இங்கும் தள்ளாடிப் போகும் பாதையைப் பெர்க்லியில் கோடு போட்டே காட்டிவிட்டார்கள்.

பாதிக் குதிப்பில் பிடித்தார்கள்

2019-ல் யேலில் ஸ்லாட்கோ மினேவும் டெவோரேயும் மற்றவர்களும் செய்தது போர், ஷ்ரோடிங்கர் வழக்குக்கே ஒரு தீர்ப்பு மாதிரி ஆயிற்று. அவர்கள் சுற்றில் மூன்று நிலைகள். அடிநிலை ஒன்று, 'வெளிச்ச' நிலை ஒன்று, 'இருட்டு' நிலை ஒன்று. அடிநிலையில் இருக்கும்வரை சுற்று அடிக்கடி வெளிச்ச நிலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும். கருவி 'டிக், டிக்' என்று அதைக் காட்டும். அபூர்வமாக இருட்டு நிலைக்குக் குதித்துவிட்டால் டிக் நின்றுவிடும்.

விஷயம் என்னவென்றால், டிக் நின்றவுடன் குதிப்பு முடிந்துவிடவில்லை. இப்போதுதான் ஆரம்பம். சில மைக்ரோ செகண்டுகள் ஓசையில்லாமல் இருந்தால் குதிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நடுவழியில் பிடித்துப் பார்த்தபோது, அடிநிலையும் இருட்டு நிலையும் கலந்த ஒரு திட்டமான நிலையில் சுற்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி வழவழவென்று போகும் பாதை. திடீர்த் தாவல் இல்லை. அது மட்டுமல்ல, சரியான நேரத்தில் எதிர் அலை ஒன்றை அனுப்பி, பாதி குதித்ததைத் திருப்பி அடிநிலைக்கே கொண்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த குதிப்பு எப்போது ஆரம்பிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதில் போர் சொன்னதே நிற்கிறது. ஆரம்பித்துவிட்ட குதிப்பு தொடர்ச்சியானது. அதில் ஷ்ரோடிங்கருக்கும் பங்கு உண்டு. பாதி பாதி என்று சொன்னால் இருவருக்கும் அநியாயம் இல்லை. ஓசை நின்றதைக் கவனித்துக்கொண்டே இருந்ததால்தான் இது தெரிந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் இந்தப் பாதையே வேறு மாதிரி.

டேலி ஆகிறதா?

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். கியூபிட்டுகளில் தப்பு நேர்ந்துகொண்டே இருக்கும். தப்பைத் திருத்த வேண்டுமானால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கக் கேட்க வேண்டும். கேட்டால் கலவை போய்விடும். இந்தச் சிக்கலால் இப்படிப்பட்ட கம்ப்யூட்டரே நடக்காது என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே சொன்னதுண்டு.

தப்புகிற வழி குமாஸ்தாக்களுக்குச் சுலபமாகப் புரியும். இரண்டு லெட்ஜர்கள் இருக்கின்றன. அவற்றில் என்ன தொகை என்று கேட்கக் கூடாது. இரண்டும் டேலி ஆகிறதா என்று மட்டும் கேட்கலாம். 'ஆகிறது' அல்லது 'ஆகவில்லை' என்று ஒரே வார்த்தைப் பதில். தொகை என்னவென்று வெளியே தெரியாது. ஆனால் எந்த ஜோடியில் டேலி உதைக்கிறதோ அங்கே தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதுபோலவே, பக்கத்துப் பக்கத்துக் கியூபிட்டுகள் ஒத்திருக்கின்றனவா, வேறுபட்டிருக்கின்றனவா என்பதை மட்டும் சொல்லும்படி, நடுவில் ஒரு 'ஆடிட்டர்' கியூபிட்டை வைத்து அதைச் சுண்டிப் பார்க்கிறார்கள். கேட்காத செய்தி வெளியேறுவதில்லை. ஆகவே உள்ளே உள்ள கலவை பிழைக்கிறது. 2013-ல் ஹாலந்தில் டெல்ப்ட் நகரத்தில் இப்படி டேலி கேட்டே, தனித்தனியாக இருந்த இரண்டு கியூபிட்டுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டார்கள்.

2024 டிசம்பரில் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட சோதனையில் ஒரே ஒரு பத்திரமான கியூபிட்டைக் காப்பாற்ற 49 கியூபிட்டுகள் கணக்கு வைத்துக்கொண்டன. 48 கியூபிட்டுகள் ஆடிட் செய்தன. ஒரு மைக்ரோ செகண்டுக்குச் சற்றே அதிகமான நேரத்துக்கு ஒரு தடவை டேலி. கூட்டத்தைப் பெரிதாக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. அதிலிருந்த மிக நல்ல தனிக் கியூபிட்டைவிட அந்தக் கூட்டுக் கியூபிட் இரண்டே கால் மடங்குக்கும் அதிகமாக நிலைத்தது. ஆள் கூடினால் தப்பும் கூடும் என்பதுதான் அதுவரை இருந்த பயம்.

அப்படியானால் இன்னும் பலமாகச் சுண்டிச் சீக்கிரம் பதில் வாங்கலாமே என்றால், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. போட்டான்களை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் கியூபிட் 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் மேலேயுள்ள வேறு படிகளுக்குத் தூக்கி எறியப்படுகிறது. 2016-ல் கூகுளின் விஞ்ஞானிகளே இதை அளந்து எழுதினார்கள். கணக்குப் புத்தகத்தில் இல்லாத எண்ணைச் சொல்லும் லெட்ஜரை வைத்துக்கொண்டு ஆடிட்டர் என்ன செய்வார்? எனவே உரக்கக் கேட்பதைவிட, மெல்லக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொள்வதே வழி.

கொலாபா ஆய்வுக்கூடத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. ஒரே சமயத்தில் பல சுருதிகளைக் கேட்கும்படி, அகன்ற வரிசைக்கு ஏற்ற குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிபயர் ஒன்றை 2015-ல் அவர்கள் செய்து வெளியிட்டார்கள். பல கியூபிட்டுகளை ஒரே கம்பியில் விசாரிக்க அது வேண்டும். 2024 ஆகஸ்டில், அங்கே வடிவமைத்துச் செய்த 6 கியூபிட் சில்லு ஒன்று முழுச் சோதனையையும் தாண்டியதாக அறிவிப்பு வந்தது. கட்டுப்படுத்தவும் அளக்கவும் வேண்டிய கருவிகளை ஒன்றுசேர்த்தது புனாவிலுள்ள ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடம்; வெளியிலிருந்து சில்லுக்கு வேலை கொடுக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு டாடா கன்சல்டன்சி நிறுவனத்தினுடையது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு குவாண்டம் திட்டத்துக்கென்று 2030-31 வரைக்கும் சுமார் 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது.

6 எங்கே, அமெரிக்காவின் 105 எங்கே என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் சில்லைச் சுற்றியிருக்கும் கம்பிகள், வடிகட்டிகள், ஆம்ப்ளிபயர் எல்லாவற்றையும் இங்கேயே அமைத்து, ஆறு தொட்டாற்சிணுங்கிகளையும் கசங்காமல் விசாரித்துப் பதில் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வேலை, சில்லில் கியூபிட்டுகளைக் கூட்டுவதும், தப்பைக் குறைப்பதும்.